எழுந்திருக்கச் சொல்லாத மெக்கானிக்

கம்ப்யூட்டர் பழுது பார்க்க வருகிறவர்கள் எல்லோருக்கும் முதல் வார்த்தை ஒன்றுதான்: "கொஞ்சம் எந்திரிங்க." அப்புறம் நம் நாற்காலியில் அவர்கள் சாய்ந்துகொள்வார்கள். நாம் கைப்பையை அணைத்துக்கொண்டு சுவரோரம் நிற்க வேண்டும். எதையோ தட்டுவார்கள், உச்சுக் கொட்டுவார்கள், கடைசியில் திரும்பிப் பார்த்து, "என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?" என்பார்கள். அட, நான் என்னத்தைப் பண்ணி வைத்தேன்! பண்ணத் தெரிந்திருந்தால் உன்னை ஏன் கூப்பிடப் போகிறேன்?

எங்கள் ஸ்கேன் சென்டருக்கு நான்காவதாக வந்த மெக்கானிக் மட்டும் என்னை எழுந்திருக்கச் சொல்லவில்லை. அவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். சொல்லாவிட்டால் எனக்குச் சோறு செரிக்காது.

அவர் இருக்கும் தெருவில் அவருக்கு ஆமை என்று பெயர். நேரில் பேசும்போது ஆமையண்ணன். அதில் அவருக்குக் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. கடைப் பலகையிலேயே ஓர் ஆமையை வரைந்து வைத்திருக்கிறார், கழுத்தில் ஸ்க்ரூ டிரைவரோடு. இடது இடுப்பில் பழைய அடி. மாடிப்படியில் ஒரு காலை வைத்து, மறு காலை அதன் பக்கத்திலேயே கொண்டுவந்து சேர்த்து, மூச்சு விட்டு, அப்புறம்தான் அடுத்த படி. எங்கள் சென்டர் மூன்றாவது மாடி. அன்றைக்கு லிஃப்ட்டும் படுத்துவிட்டது. அவர் மேலே வந்து சேர்வதற்குள் வரவேற்பில் இரண்டு நோயாளிகளின் பெயரைக் கூப்பிட்டு முடித்துவிட்டார்கள்.

"மெதுவா ஓடுற மிஷினைப் பாக்க ரொம்பப் பொருத்தமான ஆளாத்தான் வந்திருக்காரு" என்றார் மேனேஜர் மேடம், என் காதில் விழும்படி. அவருக்குக் காதோடு பேச வராது.

என் கதையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இது புரியாது. நான் அந்த சென்டரில் டைப்பிஸ்ட். டாக்டர் படங்களைப் பார்த்துத் தன் கருத்தை ஒரு சின்ன ரெக்கார்டரில் பேசி வைப்பார். நான் அதைக் காதில் மாட்டிக் கேட்டு, ரிப்போர்ட்டாக அடிக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது அல்லவா? ஆனால் பாதிப் பேர் போன வருஷம் வேறெங்கோ எடுத்த ஸ்கேனை ஒரு வட்டத் தட்டில், அதாவது டிஸ்க்கில், கொண்டு வருவார்கள். அதைப் போட்டு, பழைய படத்தைத் திறந்து, அதிலிருக்கும் அளவுகளையும் இன்றைய அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடிக்க வேண்டும். கட்டி வளர்ந்திருக்கிறதா, சுருங்கியிருக்கிறதா என்று ஒரு குடும்பமே வெளியே பெஞ்சில் காத்திருக்கும். ஒரு புள்ளி இடம் மாறினால் அவர்கள் உயிர் போய் உயிர் வரும்.

நாற்பத்தாறு வயதில்தான் இந்த வேலைக்கு வந்தேன். அதற்கு முன் தட்டச்சுப் பொறியில் இருபது வருஷம். விரல் அப்போதே ஓடும். ஒரு ரிப்போர்ட் பன்னிரண்டு நிமிஷம், அதற்கு மேல் போகாது. டாக்டரே ஒரு தடவை, "அம்மா, நான் பேசி முடிக்கிறதுக்குள்ள நீங்க அடிச்சிடுவீங்க போலிருக்கே" என்றிருக்கிறார். அந்த ஒரு வாக்கியத்தை நான் வீட்டில் எத்தனை தடவை சொன்னேன் என்று என் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும்.

அதெல்லாம் ஐம்பத்து இரண்டாவது வயதில் போயிற்று. முதலில் பன்னிரண்டு இருபதானது. பிறகு நாற்பது. நான் ஒரு வார்த்தை அடித்துவிட்டுத் திரையைப் பார்ப்பேன், ஒன்றும் இருக்காது. சரி, விரல் சரியாகப் படவில்லை போலிருக்கிறது என்று மறுபடி அடிப்பேன். திடீரென்று இரண்டும் சேர்ந்து வந்து விழும். அதை அழிக்கப் போனால் அழிப்பதும் தாமதமாக நடந்து, நல்லதையும் சேர்த்துத் தின்றுவிடும். டாக்டர் இரண்டு தடவை ரிப்போர்ட்டைத் திருப்பி அனுப்பினார். மூன்றாவது தடவை, "அம்மா, ஒரு தடவை கண்ணைக் காட்டிட்டு வாங்களேன்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

கண்ணைக் காட்டினேன். கண்ணாடி மாற்றினேன். காலையில் பாத்திரம் கழுவும் முன் விரல்களுக்குப் பயிற்சி செய்தேன். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "யாரைப் பிடிச்சு நெரிக்கப் போறே?" என்று கேட்டார். "வீட்டுல இருக்கிறவங்களைத்தான் முதல்ல" என்றேன். சிரித்தோம். ஆனால் உள்ளுக்குள் பயம் அரித்துக்கொண்டே இருந்தது.

கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்று நான் சொல்லாமல் இல்லை. சொன்னேன். முதலில் வந்தவன் "வைரஸ்" என்றான், துடைத்தான், போனான். இரண்டாவது ஆள் மெமரி கூட்டினார். மூன்றாவது ஆள் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகவே போட்டுக் கொடுத்தார். அப்பா, இரண்டு வாரம் பறந்தது! மூன்றாவது வாரம் பழைய குருடி கதவைத் திறடி. அதோடு என் பேரும் கெட்டது. "புதுசா போட்டுக் குடுத்தாச்சு. ரெண்டே வாரத்துல திரும்பக் கெடுத்துட்டாங்கன்னா கோளாறு மிஷின்ல இல்ல" என்றார் மேனேஜர் மேடம். கூடவே, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று ஒரு பழமொழி வேறு. அந்தப் பழமொழியைக் கட்டியவன் ஒரு கோணல் கூடத்தில்கூட ஆடிப் பார்த்திருக்க மாட்டான் என்பது என் அபிப்பிராயம்.

ஆனாலும் சொல்லச் சொல்லக் கல்லும் கரையும் அல்லவா? எனக்கே நம்பிக்கை போய்விட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு பெரியவர் ரிப்போர்ட்டுக்காக இரண்டரை மணி நேரம் பெஞ்சில் சரிந்து கிடந்ததைப் பார்த்தேன். மறுநாள் நானே போய், "எனக்கு வேகம் போயிடுச்சு மேடம், என்னைக் கவர் அடுக்கற ரூமுக்கு மாத்திடுங்க" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கவர் அடுக்கும் அறையில் ஜன்னல் கிடையாது. பழைய படக் கவர்களைத் தேதிவாரியாக அடுக்க வேண்டும், அவ்வளவுதான். திங்கட்கிழமை முதல் என் நாற்காலிக்குப் புதிய பெண் வருவதாக முடிவானது. அவளுக்கு மிஷின் சரியாக இருக்க வேண்டுமே என்றுதான் வெள்ளிக்கிழமை ஆமையண்ணனை வரச் சொன்னார்கள். எனக்காக அல்ல. இதையும் சொல்லிவிட வேண்டும்.

அவர் வந்தார். நான் வழக்கம்போல் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"நீங்க உக்காருங்க அக்கா" என்றார். "நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க. நான் பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டுக்கறேன்."

"என்னத்துக்குத் தம்பி? மிஷினைப் பாக்கத்தானே வந்தீங்க?"

"மிஷின் தனியா இருக்கறப்ப நல்லாத்தான் இருக்கும் அக்கா. வேலை செய்யறப்பதான் அதோட குணம் தெரியும்."

கம்ப்யூட்டருக்கு முன் அவர் மோட்டார் சைக்கிள் மெக்கானிக்காக இருந்தாராம். வண்டியில் சத்தம் வருகிறது என்று யாராவது வந்தால், சாவியை வாங்க மாட்டார். "நீங்க ஓட்டுங்க, நான் பின்னால உக்காந்து வர்றேன்" என்பாராம். ஓட்டுகிறவர் எங்கே கிளட்சைப் பிடிக்கிறார், எந்தப் பள்ளத்தில் இறக்குகிறார் என்று பார்த்தபிறகுதான் ஸ்பேனரைத் தொடுவார். அதே பழக்கம் இங்கேயும்.

முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஒரு வருஷமாக நான் படும் பாடு, முன்னால் வந்த மூன்று பேர், கவர் ரூம், திங்கட்கிழமை வரப்போகும் பெண் என்று நான் புலம்பியதையெல்லாம் கேட்டுக்கொண்டார். நான் டிஸ்க்கைப் போட்டேன். டிஸ்க்கைச் சுழற்றிப் படிக்கும் டிரைவ் முனகியது. படம் திறக்கவில்லை. வெளியே எடுத்தேன், முந்தானையால் வட்ட வட்டமாகத் துடைத்தேன், மறுபடி போட்டேன். மறுபடி முனகல். மறுபடி வெளியே, மறுபடி துடைப்பு. ஏழாவது தடவை படம் வந்தது.

"ஒரு தடவை படிக்கலேன்னா திருப்பிக் குடுத்துடலாமே அக்கா?"

"நல்லா சொன்னீங்க! மூணு பஸ் மாறி வந்திருக்காங்க. படம் தெரியலேன்னு திருப்பி அனுப்பினா, பழைய இடத்துக்குப் போய் வேற எழுதி வாங்கிட்டு வரணும். ஒரு வாரம் போயிடும். நம்ம கை வலிச்சா என்ன, வந்துடும். பத்துத் தடவை போட்டா எப்படியும் வந்துடும்."

அவர் தலையை ஆட்டினார். பிறகு, "இப்ப அடிங்க" என்றார். அடித்தேன். எழுத்து வரவில்லை. காத்திருந்தேன். இரண்டாம் முறை அடிக்கப் போன என் விரலைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், டிரைவின் மேல் எரிந்துகொண்டிருந்த பச்சை விளக்கைப் பார்த்தார். அப்புறம் கையை நீட்டி மவுசை மட்டும் வாங்கிக்கொண்டார். அப்போதும் என்னை எழுப்பவில்லை.

எங்கெங்கோ போய் ஒரு சின்னக் கட்டத்தைத் திறந்தார். அதில் மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி.

"மேல இருக்கறது நாம என்ன கேட்டிருக்கோம்ங்கறது. 'வேகமான வழியில போ'ன்னு கேட்டிருக்கோம். இதைப் பாத்துட்டுத்தான் எல்லாரும் சரியா இருக்குன்னு மூடியிருப்பாங்க. கீழ பாருங்க, இது இப்ப நிஜமா எந்த வழியில போகுதுங்கறது. மெதுவான வழி."

எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. முகத்தைப் பார்த்தே கண்டுகொண்டார்.

"ஒரு மளிகைக் கடைன்னு வெச்சுக்கங்க. லாரியில மூட்டை வருது. சுமை தூக்கற ஆள் நேரா கிடங்குல கொண்டு போய் இறக்கிடுவாரு, முதலாளி பாட்டுக்கு வியாபாரத்தைப் பாப்பாரு. அது வேகமான வழி. இங்க என்ன நடக்குதுன்னா, ஒவ்வொரு மூட்டையையும் முதலாளியே தோள்ல சுமக்கறாரு. அப்ப வாசல்ல வந்து நிக்கற ஆளை யாரு கவனிப்பா? நீங்க தட்டற எழுத்து அப்படித்தான் வாசல்ல நிக்குது."

"முதலாளிக்கு ஏன் இந்தத் தலையெழுத்து?"

"டிஸ்க்கைப் படிக்கறப்ப தப்பு வந்தா மிஷின் எண்ணிட்டே இருக்கும். ஆறு தப்பு ஆச்சுன்னா, 'இந்த டிரைவை வேகமா ஓட விடக் கூடாது'ன்னு மெதுவான வழிக்குத் தள்ளிடும். அதுக்கப்புறம் அது ஆயிரம் டிஸ்க்கை ஒழுங்கா படிச்சாலும் சரி, மேல ஏத்தாது. யாராவது வந்து எடுத்துவிடற வரைக்கும் அப்படியேதான். மூணாவது ஆள் புதுசா போட்டப்ப அந்தக் கணக்கு அழிஞ்சு போச்சு, அதான் ரெண்டு வாரம் பறந்துச்சு. அப்புறம் கீறல் விழுந்த டிஸ்க் ஒண்ணு வந்திருக்கும்."

எனக்குச் சுரீர் என்றது. "அப்போ நான் ஏழு தடவை, எட்டுத் தடவை திணிச்சதுதான் காரணமா? என் கையாலதான் கெட்டுச்சா?"

"ஆமா அக்கா, அங்கதான் ஆரம்பம்" என்றார். மழுப்பவே இல்லை. "வட்டமா துடைக்கறதும் தப்பு, கீறல் கூடும். நடுவுலேருந்து வெளிய பாத்து நேரா துடைக்கணும்."

"தம்பி, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன், இதை மேடம்கிட்ட சொல்லிடாதீங்க. ஏற்கெனவே என் மானம் கப்பலேறிக் கிடக்கு."

அவர் டிஸ்க்கை வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி பண்ண எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டேன். "பத்து நிமிஷம்" என்றார். சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தார்.

"பின்ன பண்ணுங்களேன்!"

"பண்ணலாம். அதுக்கு முன்னாடி டாக்டரைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க."

போச்சுடா என்று நினைத்துக்கொண்டே சொல்லியனுப்பினேன். டாக்டர் வந்தார், பின்னாலேயே மேனேஜர் மேடமும் வந்தார். டாக்டர் எப்போதும் அவசரக்காரர், கதவுக்கு வெளியே ஒரு காலை வைத்துக்கொண்டுதான் பேசுவார். ஆமையண்ணன் இப்போதுதான் முதல் தடவையாக என்னிடம், "அக்கா, ஒரு அஞ்சு நிமிஷம் எந்திரிங்க" என்றார். பிறகு டாக்டரிடம், "ஐயா, நீங்க கொஞ்சம் உக்காருங்க. இந்த டிஸ்க்கைத் திறந்து, நாலே வரி அடிங்க. மிஷின் எப்படி இருக்குன்னு நீங்களே பாத்துச் சொன்னா எனக்கு நல்லது" என்றார்.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார். அடித்தார். நிறுத்தினார். மறுபடி அடித்தார். ஒரு வார்த்தை மூன்று தடவை வந்து விழுந்தது. அழித்தார், முழு வரியும் போயிற்று. படத்தை நகர்த்தப் போனார், படம் நகரவில்லை. மவுசை மேஜையில் இரண்டு தட்டுத் தட்டினார். நெற்றியில் வேர்வை. மூன்று நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"என்ன எழவு இது! இதுல மனுஷன் வேலை பாக்க முடியுமா?" என்று கத்திவிட்டார்.

"இந்த அக்கா ஒரு வருஷமா இதுலதான் பாக்கறாங்க, ஐயா" என்றார் ஆமையண்ணன்.

அவர் நிறுத்தவில்லை. நான் எதைச் சொல்லாதே என்று கெஞ்சினேனோ அதையே சொன்னார். "கோளாறு ஆரம்பிச்சது இவங்க கையிலதான். மத்தவங்களா இருந்தா ஒரு தடவை போட்டுப் பாத்துட்டுப் படிக்கலேன்னு திருப்பிக் குடுத்துடுவாங்க. வந்தவங்க அலையக் கூடாதுன்னு இவங்க ஏழு தடவை, எட்டுத் தடவை துடைச்சுத் துடைச்சுப் போட்டிருக்காங்க. மிஷின் அதைத் தப்புன்னு எண்ணிடுச்சு. நானும் தப்புன்னு எண்ண முடியாதுங்க."

டாக்டர் நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்தார். என்னைப் பார்த்தார். ரிப்போர்ட்டைத் தவிர வேறு எதைப் பற்றியும் என்னிடம் பேசிப் பழக்கமில்லாத மனிதர். "கண்ணைக் காட்டச் சொன்னேனே அம்மா" என்றார். "முதல்ல நான் இங்க வந்து பாத்திருக்கணும். மன்னிச்சுடுங்க." மேனேஜர் மேடம் வெளியே போனார். திரும்பி வரும்போது நான் எழுதிக் கொடுத்த காகிதம் அவர் கையில் இருந்தது. அதை என் மேஜையில் வைத்துவிட்டு, "இதை நீங்களே கிழிச்சிடுங்க. புதுப் பொண்ணை வரவேற்புல போட்டுக்கறேன்" என்றார். அவர் அப்படிச் சொன்னதே பெரிய விஷயம், பாவம்.

அதன்பிறகுதான் ஆமையண்ணன் வேலையைத் தொடங்கினார். அந்த டிரைவ் போகும் பாதையின் பெயரைப் பட்டியலிலிருந்தே நீக்கினார். மிஷினை அணைத்து, பெட்டியைத் திறந்து, வாரைப்போல் தட்டையாக இருந்த பழைய கேபிளைக் கழற்றிப் புதியதை மாட்டினார். மறுபடி மிஷினைப் போட்டால், அது அந்த டிரைவைப் புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்க்குமாம், பழைய தப்பு எதுவும் ஞாபகம் இருக்காதாம். வரவேற்பில் சும்மா கிடந்த பழைய கம்ப்யூட்டரைக் காட்டி, கீறல் விழுந்த டிஸ்க்கையெல்லாம் முதலில் அதில் போட்டுப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள், இதில் திணிக்காதீர்கள் என்றார்.

மிஷின் கண் திறக்கிற வரைக்கும் சும்மாதானே இருக்கிறோம் என்று அவரிடமே கேட்டுவிட்டேன். "ஏன் தம்பி டாக்டரை உக்கார வெச்சீங்க? பத்து நிமிஷத்துல சரி பண்ணிட்டுப் போயிருக்கலாமே?"

"சரி பண்ணிட்டுப் போயிருந்தா, திங்கக்கிழமை வர்ற பொண்ணு கெட்டிக்காரின்னு பேர் வாங்கியிருக்கும். நீங்க கவர் அடுக்கிட்டு இருந்திருப்பீங்க." கழற்றிய பழைய கேபிளைக் கையில் எடுத்தார். "எனக்கு அப்படித்தான் ஆச்சு அக்கா. வண்டி வேலை பாத்தப்ப இடுப்புல அடி. அப்புறமும் கை வேகமாத்தான் இருந்துச்சு. ஆனா அங்க எல்லாம் தரையில குந்தித்தான் வேலை பாக்கணும், ஒவ்வொரு தடவையும் எந்திரிக்க நேரமாகும். மெதுவா இருக்கான்னு நிறுத்திட்டாங்க. வண்டியை ஒரு மேடையில ஏத்தி வெச்சிருந்தா போதும். என் முதலாளி என் பக்கத்துல ஒரு நாள் குந்திப் பாக்கல." பெரிய வருத்தமாகச் சொல்லவில்லை. கேபிளைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னார். எனக்குத்தான் கோபம் வந்தது, அந்த முகம் தெரியாத முதலாளியின் மேல்.

திரை வந்தது. அந்தக் கட்டத்தைத் திறந்து காட்டினார். மேல் வரியும் கீழ் வரியும் ஒன்றாக இருந்தன.

"இப்ப உங்க வேலையப் பாருங்க" என்று மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒரு நோட்டை எடுத்து, நான் அடிக்கிறதைப் பார்த்து ஏதோ குறித்துக்கொள்ளப் பேனாவைத் திறந்தார்.

டிஸ்க்கைப் போட்டேன். கீறல் இல்லாத டிஸ்க் அது; முனகல் இல்லை, படம் வந்து நின்றது. ரெக்கார்டரைக் காதில் மாட்டினேன். முதல் வார்த்தையை அடித்துவிட்டு, பழக்க தோஷத்தில் கையை எடுத்துக்கொண்டு காத்திருந்தேன். அது ஏற்கெனவே வந்திருந்தது. இரண்டாவது வார்த்தை, மூன்றாவது வார்த்தை. விரல் தொடும்போதே எழுத்து அங்கே நின்றது. தாயே! என் விரல் எங்கேயும் போகவில்லை, இங்கேயேதான் இருந்திருக்கிறது. ஒரு வருஷமாகப் பூட்டி வைத்திருந்த வேகமெல்லாம் அவிழ்த்துக்கொண்டு ஓடியது. நான் திரையைக்கூடப் பார்க்கவில்லை.

"அக்கா, அக்கா" என்றார் ஆமையண்ணன். "கொஞ்சம் மெதுவா. என்னால கண்ணால தொடர முடியல."

ஒரு வருஷமாக வேகம், வேகம் என்றே கேட்டுக்கொண்டிருந்த காது. அந்த 'மெதுவா' உள்ளே போனதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நல்லா இருப்பா நீ, நூறு வருஷம் நல்லா இரு என்று வாய்விட்டே சொன்னேன். கண்ணைத் துடைக்கக் கையை எடுக்க மனசில்லை. அழுதுகொண்டே அடித்தேன். பதினோரு நிமிஷம். ஒரு பிழை இல்லை.